சங்கவிக்கு வாய்த்த அக்கா

இவள்தான் அவள் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. முன்பே தெரிந்திருந்தால் கல்லூரி வாசல் கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியிலேயே நின்றிருப்பேன். பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அந்த முனையில் அவள், இந்த முனையில் நான், நடுவில் அவளுடைய பை. யாருக்கோ போனில், "ஆமா, செண்பகந்தான் பேசுறேன். இன்னைக்குத்தான் விசாரிக்கிறாங்க. சங்கவியோட அப்பா வரணும், அவருக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைக்கிறாள். அந்த அவர் நான்தான். எழுந்து போய்விடலாம் என்று கால் துடிக்கிறது. எழுந்தால் ஏன் எழுந்தார் என்று பார்ப்பாள். அதே குரல், கொஞ்சம் கரகரப்பு, பேச்சின் கடைசியைத் தூக்கிவிடுகிற கோவில்பட்டிப் பக்கத்து இழுப்பு. ஒரே ஒரு தடவைதான் போனில் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு தடவையில் என் குரலையும் அவள் கேட்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவாள். திறக்கக் கூடாது, உள்ளே போகிறவரை திறக்கக் கூடாது. மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டுகிறது. தரையில் பினாயில் வாடை. "தண்ணி வேணுமாப்பா?" என்று அவள் என் பக்கம் திரும்புகிறாள். வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். அப்பா என்கிறாள். இங்கே எந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் அப்பா என்றுதான் கூப்பிடும் போல. என் மகள் என்னை அப்படிக் கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சோறு போடும்போது கூடத் தட்டைத் தள்ளுகிறாளே தவிர அப்பா என்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. இவள் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இவளை நான் இப்படி நினைக்கவில்லை. நல்ல உயரமாக, பவுடர் பூசிக்கொண்டு, இங்கிலீஷில் பேசுகிறவளாக நினைத்து வைத்திருந்தேன். இது ஒட்டிய கன்னமும், இஸ்திரி போடாத சுடிதாரும், கைவிரலில் பேனா மையுமாக ஏதோ எங்கள் தெருப் பிள்ளை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், ஆளைப் பார்த்து ஏமாறக் கூடாது. என் அண்ணனும் பார்த்தால் பசுதான், அப்பா செத்த மறு வாரம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஓட்டலுக்கு அனுப்பினான், தான் மட்டும் பத்தாவது வரைக்கும் போனான். அதை நான் மறக்கவில்லை, அவன் மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போகவில்லை. மறக்காமல் இருப்பது எனக்கு ஒரு பலம். அஞ்சாவதோடு நின்றவனுக்கு வேறு என்ன பலம் இருக்கிறது. இவளையும் மறக்க மாட்டேன் என்றுதான் பஸ் ஏறினேன். சங்கவி இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இவள் பேச்சுதான். சகோதரிகள் மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். முதல் வருசத்துப் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் மூன்றாம் வருசத்துப் பிள்ளை ஒருத்தி அக்காவாம். தங்கச்சி பாடத்தில் தோற்றால் அக்காவுக்கும் கெட்ட பேராம். ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகளுக்கு எந்த வார்டு, எந்த மாத்திரை என்று சொல்லிக் கொடுப்பார்களாம். சரி, நல்லதுதான். ஆனால் உட்கார்ந்தால் அக்கா, நின்றால் அக்கா. அக்கா சொன்னாங்க வெறும் வயித்துல படிக்கக் கூடாதாம். அக்கா சொன்னாங்க பேங்கு பரீட்சை எழுதணுமாம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அக்கா சொன்னாங்கப்பா, நீங்க அடுப்பு முன்னாடி நிக்கிறவங்க, நிறைய மோர் குடிக்கணுமாம் என்றாள். இருபத்தெட்டு வருசமாகப் பரோட்டாக் கல் முன்னால் நிற்கிறேன், எனக்கு மோர் குடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி. அன்றைக்கு மோரைத் தொடவில்லை. மறுநாள் கடையில் குடித்தேன், வீட்டில் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு எந்த டிபார்ட்மெண்ட்ப்பா?" கேட்டுவிட்டாள். கையை மேலே காட்டுகிறேன், மாடியில் என்பது போல. "மாடியா? அப்ப மேத்ஸா இருக்கும்" என்று அவளே முடித்துக்கொள்கிறாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டேன், ஏன் காட்டினேனோ, கை தானாகப் போனது. "ஐயோ, தொண்டை கட்டியிருக்கா? பேசாதீங்க, பேசாதீங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஒரு மாசம் குரலே வரல. அத்தை கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்க, இப்படியே இருக்கட்டும்னு." சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கு வழியாக விட்டேன். இவளோடு சிரிக்கவா வந்தேன். படியில் இறங்கி வருகிற இரண்டு பிள்ளைகள் இவளைப் பார்த்து நிற்கின்றன. "என்னக்கா, தூக்கு மேடையா?" என்கிறது ஒன்று. "கயிறு வாங்கப் போயிருக்காங்க, நீ போய் அறுபது மார்க்கு எடுக்கிற வழியப் பாரு" என்கிறாள் இவள். அவை போனதும் இவள் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை அணைத்ததுபோல் போய்விடுகிறது. சுடிதாரின் ஓரத்தை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள். பயந்திருக்கிறாள். பயப்படட்டும் என்றுதானே வந்தேன். பயப்படுவதைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நன்றாக இல்லை.

எதிர்ச் சுவரில் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது, அந்த மூன்றாவது படம். ஒரு மேசை, அதன் மேல் ரிப்பன் கட்டிய சடைகள் வரிசையாக, பக்கத்தில் காது வரைக்கும் முடி வெட்டிய பிள்ளைகள். புற்றுநோய் வைத்தியத்தில் முடி கொட்டிப்போனவர்களுக்கு டோப்பா செய்வதற்குக் கொடுத்தது. நடுவில் நிற்பது என் மகள். வாயெல்லாம் பல். இடுப்புக்குக் கீழே தொங்கிய சடை, அவள் அம்மா விளக்கெண்ணெயும் செம்பருத்தியும் போட்டு வளர்த்தது, அந்த மேசையில் ஏதோ ஒன்றாகக் கிடக்கிறது. ஆனால் மகள் சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படத்தைப் பார்க்காதே, தரையைப் பார். அந்தச் சாயங்காலம் ஞாபகம் வருகிறது, வர வேண்டாம் என்றாலும் வருகிறது. கடையில் நல்ல கூட்டம். கையெல்லாம் மாவும் எண்ணெயும், போனைத் தொட முடியாது, மாவு டின் மேல் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "அப்பா, நான் சங்கவியோட காலேஜ் அக்கா செண்பகம் பேசுறேன். சங்கவி புற்றுநோய்க்காரங்களுக்கு முடி குடுக்கணும்னு ஆசப்படுறா. வீட்டுல அப்பாவோ அம்மாவோ சரின்னு சொல்றதை அக்கா காதால கேக்கணும், அது எங்க மன்றத்து விதி. காது வரைக்கும் வெட்டிருவாங்கப்பா. நல்லா யோசிச்சு சொல்லுங்க." ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நன்றாகக் கேட்டது. கல்லாவில் முதலாளிக்குக் கேட்டது. பார்சலுக்கு நின்றிருந்த கண்ணாடி போட்ட ஒருவருக்கும் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மாவை வீசிக்கொண்டே, கடை முழுக்கக் கேட்கிறமாதிரி, "தாராளமா குடுக்கச் சொல்லும்மா, முடிதானே, இன்னைக்குப் போனா நாளைக்கு வளருது, நாலு பேருக்கு ஆகுதுன்னா உசுரையே குடுக்கலாம்" என்றேன். அந்தக் கண்ணாடிக்காரர், "பெரிய மனசு மாஸ்டர் உங்களுக்கு" என்றார். முதலாளி கூடத் தலையை ஆட்டினார். அன்றைக்குப் பரோட்டா அப்படி வந்தது, பூ மாதிரி. யாரும் என்னை அதுவரை மனசு பற்றிச் சொன்னதில்லை.

பிறகுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. முடி கொடுத்த பிறகு, முன்னால் இல்லை. இவள் வேண்டுமென்று கெடுத்தாள் என்று மச்சினன் சொன்னபோது நானும் ஆமாம் என்றேன், ஆனால் நாள் எனக்குத் தெரியும். பழனி ரோட்டில் சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிற குடும்பம். நிச்சயம் மட்டும் பண்ணி வைத்துவிட்டுப் படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பையனின் அம்மா வந்து உட்கார்ந்தாள், சங்கவியைப் பார்த்தாள், "கொஞ்சம் திரும்பும்மா" என்றாள். திரும்பினாள். "ஏதும் காய்ச்சல் கீய்ச்சல் வந்து முடி போச்சா?" என்று என்னைக் கேட்டாள். தட்டில் வைத்த மிக்சரை யாரும் தொடவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர்கள் போனதும் மச்சினன் கேட்டான், "ஏன் மாமா, பொட்டப்புள்ள முடிய எவளோ அறுத்துவிட்டிருக்கா, நீங்க பாத்துக்கிட்டா இருந்தீக?" எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்காரர் பார்த்த பார்வை இல்லை இது. "எங்கிட்ட எவ கேட்டா? எவளும் கேக்கல" என்று வந்துவிட்டது. என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சங்கவி, "அக்கா உங்களக் கேட்டாங்களேப்பா, நீங்க தாராளமான்னு சொன்னீங்களாம்" என்றாள். போன் வந்தது, பரீட்சையைப் பற்றித்தான் பேசினாள், முடி என்கிற பேச்சே இல்லை என்றேன். "சத்தியமா?" என்றாள். நான் அவள் தலையில் கையை வைத்தேன். பிள்ளை தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியாதா. கை பின்பக்கம் சரிந்தபோது வெட்டிய முடியின் நுனி உள்ளங்கையில் குத்தியது, புல் மாதிரி. சத்தியமா என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு, "அப்ப ரெண்டு பேர்ல யாரோ பொய் சொல்றீங்க" என்றாள். அதோடு என்னோடும் பேசவில்லை, இவளோடும் பேசவில்லை. மறு வாரம் அவளுக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான், மழை பெய்தது, தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனாலும் ராத்திரியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் அவள் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பஸ்ஸில் அவள் ஏறினால் டிரைவர் முகத்தைப் பார்க்கிறேன், குடித்திருக்கிறானா என்று. முதலாளிக்குத் தெரியும். ஒருநாள், "பொண்ணு முடி விசயம் ஏதோ பிரச்சனையாமே" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பது கேட்பதை விட மோசமாக இருக்கிறது.

"பயமா இருக்குப்பா" என்கிறாள் பக்கத்தில். என்னிடமா, தனக்குத்தானேவா. "அந்த சங்கவி அப்பா வருவாரு பாருங்க, பெரிய மீச வச்சிக்கிட்டு, பத்து ஆளக் கூட்டிக்கிட்டு. போன்ல அவ்வளவு நல்லா பேசினாரு. எங்க அப்பாவே அப்படிச் சொல்ல மாட்டாரு. நான் அன்னைக்கு ஹாஸ்டல்ல எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன், அப்பான்னா இப்படி இருக்கணும்டின்னு." என் மேல் உதட்டைத் தொடுகிறேன். மீசையே கிடையாது, அடுப்பு முன்னால் வியர்க்கும் என்று எடுத்துவிடுவேன். "எனக்கு இந்த அக்கா பதவி போனாப் பரவாயில்லப்பா. நன்னடத்தைச் சான்றுல எழுதிட்டாங்கன்னா மேல படிக்க இடம் கெடைக்காது, அதுகூட வேற காலேஜ் பாத்துக்கலாம். அந்த சங்கவி இருக்காளே, மொத பரீட்சையில ரெண்டு பேப்பர் போச்சு. கணக்குப்பதிவியல்னா அழுவா. சாப்பாட்டு மேசையிலயே வச்சு, சோத்துல கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவுன்னு சொல்லிக் குடுத்தேன். இந்தத் தடவ எழுபத்தொண்ணு. இப்ப அவங்க அப்பா டி.சி.யக் குடுங்கன்னு நிக்கிறாராம். இந்த நேரத்துல கூட்டிட்டுப் போனா அவ்வளவுதான், அவ படிப்பு முடிஞ்சது." எழுபத்தொண்ணா. எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், பேச்சே இல்லையே. டி.சி. என்பது மச்சினன் சொல்லிக் கொடுத்தது. அப்படிச் சொன்னால்தான் பயப்படுவார்கள் மாமா என்றான். கூட்டிப் போய் என்ன பண்ணப் போகிறேன், கூட்டிப் போக மாட்டேன். ஆனால் பிரின்சிபாலிடம் போனில் அப்படித்தான் சொன்னேன், ஒன்று அவளை நீக்குங்கள், இல்லை என் மகளை அனுப்புங்கள் என்று. இப்போது சொல்லிவிடலாம். இங்கேயே, இந்தப் பெஞ்சிலேயே. திரும்பி, நான்தாம்மா சங்கவி அப்பா, நீ கேட்டது நிஜம் என்று. அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம். அப்புறம் இவள் முகம் எப்படி மாறும். சங்கவி முகம் எப்படி மாறும். உன் தலையில் கை வைத்துப் பொய் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது. உள்ளே போய்ச் சொல்கிறேன். பிரின்சிபால் கேட்டதும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் சொல்வது சுலபம். இந்தத் தடவை சொல்லிவிடுவேன்.

ஆயாம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். "செண்பகம் உள்ள வா. சங்கவி அப்பா யாரு, வந்தாச்சா?" நான் எழுந்திருக்கிறேன். வேட்டியைச் சரி செய்கிறேன். செண்பகம் பையை எடுத்தவள் அப்படியே நிற்கிறாள். என்னைப் பார்க்கிறாள், என் தொண்டையைப் பார்க்கிறாள், மறுபடி என் முகத்தைப் பார்க்கிறாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வழி விட்டு ஒதுங்கினாள், "நீங்க முன்னாடி போங்கப்பா" என்றாள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால், என் வயசுதான் இருக்கும், நெற்றியில் சின்னப் பொட்டு. ஜன்னல் ஓரமாகச் சங்கவி. முடி கொஞ்சம் வளர்ந்து காதை மூடியிருக்கிறது. அவள் என்னையும் பார்க்கவில்லை, செண்பகத்தையும் பார்க்கவில்லை, வெளியே எதையோ பார்க்கிறாள், ஆனால் உடம்பு முழுக்கக் காதாக நிற்கிறாள், தெரிகிறது. "செண்பகம், நேராக் கேக்குறேன். முடி வெட்டுறதுக்கு இவர்கிட்ட அனுமதி கேட்டியா, இல்லையா?" முதலில் அவளைக் கேட்கிறார். அவள் கேட்டேன் என்பாள், அப்புறம் என்னைக் கேட்பார், நான் ஆமாம் என்பேன். நான் தயாராக இருக்கிறேன், வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. செண்பகம் பிரின்சிபாலிடம், "மேடம், சங்கவிக்கு டி.சி. வாங்கிருவாரா?" என்கிறாள். "அது உன் கேள்வி இல்ல. கேட்டியா?" அவள் என் பக்கம் திரும்பினாள். என் கண்ணில் என்ன இருந்ததோ தெரியாது, சொல்லிவிடுகிறேன் என்பது இருந்திருக்க வேண்டும், இல்லாமலும் இருந்திருக்கலாம். பிறகு ஜன்னல் பக்கம் சங்கவியின் முதுகைப் பார்த்தாள். "கேக்கல மேடம்" என்றாள். "பரீட்சையப் பத்தி மட்டுந்தான் பேசினேன். கேட்டேன்னு சங்கவிகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

நான் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த இடம் வந்தது, நின்றது. காற்றாடிச் சத்தம் இங்கேயும் கேட்டது. "நீங்க என்ன சொல்றீங்கய்யா? டி.சி. வேண்டாமே? பொண்ணு படிக்கட்டும்" என்றார் பிரின்சிபால். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன், படிக்கட்டும் என்பதற்குத்தான் ஆட்டினேன், அதற்கு மட்டும்தான். ஆனால் அறையில் இருந்த எல்லாரும் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சங்கவி திரும்பினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன், கல்லைத் தொட்டுப் பழகிய கை சூட்டைத் தாங்குகிற மாதிரி. செண்பகத்தின் தோளருகே மன்றத்து அடையாளமாக நீல வில்லை ஒன்று குத்தியிருந்தது, வெளியே துப்பட்டா மறைத்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. சேரும் நாளில் தங்கச்சிதான் அக்காவுக்கு அதைக் குத்திவிட வேண்டுமாம், எடுப்பதும் தங்கச்சிதான் எடுக்க வேண்டுமாம். பிரின்சிபால் அதைச் சொல்லிவிட்டு, "எடும்மா சங்கவி" என்றார். சங்கவி போனாள். ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. சங்கவிக்கு எடுக்க வரவில்லை. செண்பகம் தன் சுடிதாரைத் தானே இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள், சுலபமாக வரட்டும் என்று. "மெதுவா, விரல்ல குத்திரும்" என்றாள். சங்கவி ஊசியை உருவினாள். வில்லையை மேசையில் வைத்தாள், வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

வெளியே வந்தோம். சங்கவி என் கையைப் பிடித்திருந்தாள். பெரிய பிள்ளையான பிறகு அவள் என் கையைப் பிடித்ததில்லை. "அப்பா" என்றாள். அப்புறம் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், "உங்கள நம்பாம இருந்துட்டேம்ப்பா, தலையில கை வச்சுச் சொன்னீங்க, அப்பயும் நம்பல" என்றாள். பின்னால் கதவு திறந்து மூடியது. செண்பகமாகத்தான் இருக்கும். "சங்கவி, வெள்ளிக்கிழமை டெஸ்ட்டு, கடைசிப் பாடத்த விட்டுறாத" என்று குரல் வந்தது. சங்கவி திரும்பாமல் என்னை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். "பேச்சப் பாருங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று கழுத்து திரும்பியது, பாதியில் நின்றது. கேண்டீனில் என்னை உட்கார வைத்துவிட்டு அவளே போய் இரண்டு காப்பி வாங்கி வந்தாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு மாதத்துப் பேச்சு. எழுபத்தொரு மார்க்கைச் சொன்னாள், யார் சொல்லிக்கொடுத்தது என்பதை மட்டும் தாண்டிப் போனாள். பேசப் பேச எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாலை வெயில் மேசை மேல் விழுந்து அவள் குட்டை முடியில் பழுப்பாக மின்னியது. டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இனிமே எதுன்னாலும் உங்களக் கேட்டுத்தாம்ப்பா செய்வேன். நீங்க சொல்றதுதான்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. காப்பி நன்றாகச் சூடாக இருந்தது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.